பிடித்த ஹிட்ச்காக் படம் எது? முடிவு செய்யும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1925 முதல் 1976 வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். அவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் பெரும்பாலோர் 'சைக்கோ' என்பார்கள். சினிமா பற்றிப் படிப்பவர்கள் 'வெர்டிகோ' என்பார்கள். இரண்டும் பெரிய படங்கள்தான். ஆனால் அந்தப் பதில் பல நேரம் காதில் விழுந்த பேரிலிருந்து வருகிறது.

முதல் தவறு, பட்டியலைப் பார்த்துத் தொடங்குவது. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 'வெர்டிகோ' 2012இல் முதலிடம் பிடித்தது, 2022இல் இரண்டாமிடத்துக்கு வந்தது. அதை நம்பி அந்தப் படத்தையே முதலில் போட்டால் பாதியில் பொறுமை போய்விடும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு நீண்ட பகுதி, ஒருவர் ஒரு பெண்ணை சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் காரில் பின்தொடர்வதுதான், வசனம் குறைவு. நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை நல்ல மனிதராகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அவருடைய பாத்திரம் அதில் எவ்வளவு தூரம் தடம் மாறுகிறது என்பது உறைக்கும். 1958இல் வெளியானபோதும் கலவையான வரவேற்புதான் கிடைத்தது. அந்த வாக்கெடுப்பின் முதல் பத்துக்குள் நுழைய 1982 வரை ஆனது. எனவே 'ரியர் விண்டோ' (1954), 'நொடோரியஸ்' (1946), 'ஷேடோ ஆஃப் எ டவுட்' (1943), 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயின்' (1951), 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959), 'சைக்கோ' (1960) என்று ஆறு படம் முடித்துவிட்டு 'வெர்டிகோ'வுக்கு வாருங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்துத் தள்ள வேண்டாம். அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு படத்தின் காட்சி இன்னொன்றின் நினைவோடு கலந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முதல் முறை பார்த்ததுமே முடிவு செய்வது. அதிர்ச்சிக்கும் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஹிட்ச்காக் ஓர் உதாரணத்தால் விளக்குவார். மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் வெடிக்கும் நேரமும் நமக்கு முன்பே தெரிந்து, அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் 15 நிமிடப் பதற்றம். அவருடைய நல்ல படங்கள் இந்த இரண்டாவது வகையில் இயங்குபவை. 'வெர்டிகோ'வில் மர்மத்தின் விடையைப் படம் முடியச் சுமார் அரை மணி நேரம் இருக்கும்போதே பார்வையாளரிடம் சொல்லிவிடுகிறார். அப்படியானால் முடிவு தெரிந்த பிறகும் உங்களை இருக்கையின் நுனியில் உட்கார வைக்கிறதா என்பதுதான் உரைகல். சில வாரம் இடைவெளி விட்டு, மனதில் நின்ற இரண்டு மூன்று படங்களை மட்டும் மறுபடி பாருங்கள். முதல் முறை பிரமிக்க வைத்த ஏதாவது ஒன்று இப்போது சுருங்கக்கூடும்.

அதே காரணத்தால், ஒரு புகழ்பெற்ற காட்சியை வைத்து முழுப் படத்தையும் எடைபோடக் கூடாது. 'சைக்கோ'வின் குளியலறைக் கொலைக் காட்சியைப் படமாக்க ஏழு நாள் ஆனது. திரையில் அந்தத் தாக்குதல் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. படமோ 109 நிமிடம். அதற்கு முன்னால் வரும் நீண்ட கார்ப் பயணமும், விடுதியின் பின்னறையில் சாண்ட்விச்சோடு நடக்கும் உரையாடலும் உங்களைப் பிடித்து வைத்தனவா என்று கேட்டுப் பாருங்கள். பிடித்து வைத்திருந்தால் 'சைக்கோ' தாராளமாக உங்கள் படம்.

கெட்ட பிரதியில் பார்த்துவிட்டுப் படத்தைக் குறை சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. 1953க்கு முந்தைய ஹாலிவுட் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம், அகலமும் உயரமும் 1.37:1. இன்றைய அகலத் திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. திரையை நிரப்ப 'ஜூம்' அழுத்தினால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்படும். இழுத்து நிரப்பினால் 'நொடோரியஸ்' நாயகி இங்க்ரிட் பெர்க்மனின் முகம் பருத்துத் தெரியும். 'ட்ரூமோஷன்', 'மோஷன்ஃப்ளோ' போன்ற பெயரில் தொலைக்காட்சியில் இருக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது விநாடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் இல்லாத சட்டகங்களைச் செருகி, எல்லாவற்றையும் நாடகத் தொடர்போல ஆக்கிவிடும். ஓடும் நேரத்தையும் பாருங்கள். 128 நிமிட 'வெர்டிகோ' 123 நிமிடத்தில் முடிந்தால், எதையோ வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது விநாடிக்கு 25 சட்டகமாக வேகப்படுத்திய பிரதி. இசையின் சுருதிகூட ஏறியிருக்கலாம். 1996இல் இந்தப் படத்தைப் புதுப்பித்தபோது காலடி ஓசை போன்ற பல ஒலிகளைப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள். பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலி இருக்கும் வெளியீடு கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தை ஹிட்ச்காக்கே 1934இல் பிரிட்டனிலும் 1956இல் ஹாலிவுட்டிலும் எடுத்தார். முன்னது சுமார் 75 நிமிடம், பின்னது இரண்டு மணி நேரம். 'ரெபெக்கா' என்று தேடினால் 2020இல் வேறொருவர் எடுத்தது முன்னால் வரலாம். 'சைக்கோ'வுக்கு 1998இல் ஒரு மறு ஆக்கம் உண்டு. ஆண்டைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

உங்களுக்குப் பிடித்தது யாருடைய வேலை என்பதையும் கவனியுங்கள். ராபர்ட் பர்க்ஸ் 1951 முதல் 1964 வரை ஹிட்ச்காக்கின் பன்னிரண்டு படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். இடையில் 'சைக்கோ' மட்டும் விதிவிலக்கு, அதை ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவோடு எடுத்தார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று முதலில் அவர் நினைத்திருந்தார். அந்த வயலின் அலறலை எழுதிக் காட்டி மனதை மாற்றியவர் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். உங்களை இழுப்பது இசைதான் என்றால், ஹெர்மன் பணியாற்றிய 1955 முதல் 1964 வரையிலான படங்களுக்குள் தேடினால் போதும். துடிப்பான வசனம்தான் என்றால் ஜான் மைக்கேல் ஹேஸ் எழுதிய நான்கும், எர்னஸ்ட் லேமன் எழுதிய 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டும்.

கடைசிச் சுற்றில் இரண்டு படம் நின்றால், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஒலியை அணைத்துப் பாருங்கள். ஹிட்ச்காக் ஊமைப்படக் காலத்தில் தொழில் கற்றவர். 'ரியர் விண்டோ'வின் தொடக்கத்தில் கேமரா வெப்பமானியையும், மாவுக்கட்டுப் போட்ட காலையும், நொறுங்கிய கேமராவையும், பந்தயக் கார் விபத்தின் புகைப்படத்தையும் வரிசையாகக் காட்டும். நாயகனின் தொழில், விபத்து, ஊரின் புழுக்கம் எல்லாம் ஒரு வார்த்தை வசனமில்லாமல் புரிந்துவிடும். எங்கள் கணிப்பில் இந்தச் சோதனையில் அதைவிட ஒரு படி மேலே நிற்பது 'நொடோரியஸ்'. விருந்துக் கூடத்தை மாடியிலிருந்து முழுதாகக் காட்டத் தொடங்கும் கேமரா, வெட்டில்லாமல் கூட்டத்துக்குள் மெதுவாக இறங்கி, பெர்க்மனின் கையில் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியில் போய் நிற்கும்.