பழைய புத்தகத்தில் ‘அன்புடன்’: ஆசிரியர் கையெழுத்துப் போட்ட புத்தகம் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 40 ரூபாய்க்கு ஒரு கவிதைத் தொகுப்பு வாங்கினேன். முதல் பக்கத்தில் நீல மையில் ‘மதிப்புரைக்காக, மிக்க பணிவுடன்’ என்று எழுதிக் கவிஞர் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து புரட்டினால் நடுவில் எட்டுப் பக்கம் மேல்மடிப்பு வெட்டப்படாமல் அப்படியே ஒட்டிக் கிடக்கிறது. யாருக்குப் போனதோ அந்த மனிதர் பிரித்தே பார்க்கவில்லை! கவிஞரின் பணிவையும் எவரோ ஒருவரின் அலட்சியத்தையும் ஒரே அட்டைக்குள் பார்த்த அன்று பிடித்த பைத்தியம் இது.

இதில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கையெழுத்து வேண்டுமா, கையெழுத்தோடு வருகிற கதை வேண்டுமா? வெறும் கையெழுத்து போதுமென்றால் வேலை சுலபம், பொங்கலையொட்டி நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்கு (1977இலிருந்து நடக்கிறது, இப்போது பெரும்பாலும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில்) இரண்டு மாலை போனாலே பை நிறைந்துவிடும். என்னைக் கேட்டால் இன்னாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுத்த புத்தகம்தான் ருசி. சக எழுத்தாளருக்கோ, அட்டைப்படம் வரைந்த ஓவியருக்கோ, மெய்ப்புப் பார்த்த நண்பருக்கோ கொடுத்த பிரதி கிடைத்தால் விடாதீர்கள். பலர் ‘வேறு யாரோ பெயர் இருக்கிறதே’ என்று திருப்பி வைத்துவிடுவார்கள். நமக்கு நல்லது.

பழைய புத்தகக் கடையில் இப்படிப்பட்டவை வருவதற்கு முக்கிய வழிகள் இரண்டு. பத்திரிகைகள் மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்வது நெடுநாள் வழக்கம், அந்தக் குவியல் என்றாவது ஒருநாள் எடைக்குப் போகும். இன்னொன்று, புத்தகம் சேர்த்தவர் காலமானபின் வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவது. சிலசமயம் அன்பளிப்பாகப் பெற்றவரே கடையில் தள்ளிவிட்டிருப்பார். பெர்னார்ட் ஷா தான் அன்பளித்த புத்தகத்தைப் பழைய கடையில் பார்த்து, விலைக்கு வாங்கி, ‘புதுப்பிக்கப்பட்ட மதிப்புடன்’ என்று கீழே எழுதி அதே ஆளுக்குத் திருப்பி அனுப்பினார் என்று ஒரு துணுக்குச் சொல்வார்களே, அது நடந்ததோ இல்லையோ, சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் பிடித்த கதை.

கடையில் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணை விரிக்காதீர்கள். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார். நாலு புத்தகத்தை அடுக்கி, இதை நடுவில் செருகிக் கேளுங்கள்.

சரி, கையெழுத்து அசல்தானா? மோசடியைவிட நம் அவசரம்தான் அதிகம் ஏமாற்றும். கல்யாணத்துக்குப் புத்தகம் பரிசு கொடுக்கிற பழக்கம் இருந்த காலத்துப் பிரதிகளில் ‘அன்புடன்’ என்று போட்டிருப்பவர் பெரும்பாலும் சித்தப்பாவோ ஆபீஸ் நண்பரோதான். கிறுக்கலில் முதலெழுத்து ஆசிரியர் பெயரோடு ஒத்துப்போனதை நம்பி நானும் ஒருமுறை 300 ரூபாய் கொடுத்தேன். யாரோ ஒரு தலைமை ஆசிரியர் கொடுத்த பரிசு அது. புனைபெயரில் எழுதினவர்கள் நெருங்கினவர்களுக்கு இயற்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கலாம், எனவே இரண்டு பெயரையும் தெரிந்துவைத்திருங்கள்.

அடுத்தது தேதி. கையெழுத்துப் பக்கத்தை விட்டு, பதிப்பு விவரம் உள்ள பக்கத்துக்குப் போங்கள். எழுத்தாளர்களில் சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரியில், அசோகமித்திரன் 2017 மார்ச்சில், கி.ரா. (கி. ராஜநாராயணன்) 2021 மே மாதம். 2012இல் அச்சான பிரதியில் சுஜாதா கையெழுத்து என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். கையெழுத்துக்குக் கீழே 1975 என்று இருந்து, பதிப்பு 1979 என்றால் அதுவும் அப்படித்தான்.

முன்னுரைக்கு அடியில் பிளாக் (அச்சுத் தகடு) செய்து அச்சடித்த கையெழுத்தும் ஏமாற்றும். பக்கத்தைச் சாய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள், பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். பேனா அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், கோடு கோட்டைக் கடக்கிற இடத்தில் மை அடர்ந்திருக்கும். ஆனால் ஒன்று, பழைய எழுத்துக்கோர்ப்பு அச்சும் தாளில் பள்ளம் போடும். அதனால் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். அச்சு மை எழுத்தின் ஓரத்தில் பிதுங்கித் தடித்திருக்கும், ஆஃப்செட்டில் அச்சான சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆன்லைனில் வாங்குவதானால் கையெழுத்துப் பக்கம், அதன் பின்பக்கம், பதிப்பு விவரப் பக்கம், மூன்றுக்கும் போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஆசிரியரிடம் நேரில் கையெழுத்து வாங்குவதற்கு வருவோம். பேனா நீங்களே கொண்டுபோங்கள். மேப்லித்தோ என்கிற சாதாரணப் புத்தகத் தாளுக்குப் பால்பாயிண்ட் பாதுகாப்பு. ஊற்றுப்பேனா அழகுதான், ஆனால் சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் கீழ்த்தட்டு நனைந்தபோது அச்செழுத்துகள் எல்லாம் பிழைத்தன, மூன்று கையெழுத்துகள் மட்டும் கரைந்து நீல வானமாகிப் போயின. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஜெல் பேனாவே வேண்டாம், மூடினதும் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும்.

கையெழுத்தைப் புத்தகத் தலைப்பு அச்சான பக்கத்தில் வாங்குங்கள். முன்னால் இருக்கிற வெற்றுத் தாள்தான் முதலில் கிழிந்து போவது. தேதியும் ஊரும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிட்டால் ழ, ள குழப்பம் வராது. வரிசை நீளமாக இருந்தால் ஒரு புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. வரிசை இல்லையென்றால், எந்தக் கதை பிடித்தது என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள், அவர் எழுதுகிற வரி மாறும். ‘பெயர் வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் போதும்’ என்றால், விற்கத்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். முகம் சற்று வாடும்.

பாதுகாப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேமினேஷன் கூடாது, செல்லோ டேப் கூடவே கூடாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி ஈரம் குடிக்கும், அரையடி தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டினால் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு நிம்மதி இருக்காது.

முன்னால் வைத்திருந்தவர் பெயரை ஒயிட்னர் போட்டு அழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கையை உடைக்கலாம் போல இருக்கும். அந்தப் பெயரைத் தேடுங்கள். முன்னுரையின் நன்றிப் பட்டியலில், அதே ஆசிரியரின் வேறு புத்தகத்துச் சமர்ப்பணத்தில், வெளியான கடிதத் தொகுப்புகளில் எங்காவது அகப்படுவார். கண்டுபிடித்ததையும், எங்கே எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் பழைய பேப்பர்காரர் வருவார்.

என் கவிதைத் தொகுப்பின் அந்த எட்டுப் பக்கத்தை நானும் இன்னும் வெட்டவில்லை. உள்ளே என்ன கவிதை என்று மடிப்பை லேசாக விரித்து ஒருகண்ணால் எட்டிப் பார்த்திருக்கிறேன். மழையைப் பற்றி ஏதோ இருக்கிறது.