டீசல் ஆர்.வி.யில் காசு கரையும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்.வி. என்பது தங்கிப் பயணிக்க வீட்டு வசதிகளோடு வரும் வண்டி, அதில் சொந்த எஞ்சினில் ஓடுவது மோட்டார்ஹோம். பின்பக்கம் எஞ்சின் வைத்த பெரிய டீசல் மோட்டார்ஹோம் பொதுவாகக் கேலனுக்கு 7 முதல் 10 மைல் ஓடும். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சுமார் 3,000 மைல். கேலனுக்கு 8 மைல், டீசல் 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் 375 கேலன், 1,500 டாலர். இதில் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பது பெரும்பாலானோருக்கு முடிகிற காரியம்தான். ஆனால் பலர் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கேலன் விலையில் ஐந்து சென்ட் குறைக்க அரைமணி நேரம் செயலியைத் துழாவிவிட்டு, அடுத்த ஐந்து மணி நேரம் 75 மைல் வேகத்தில் ஓட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது கேலன் விலை அல்ல, மைலுக்கு ஆகும் செலவு.

அந்தச் செலவைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் முதல் தவறு. டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம், அது பல வண்டிகளில் கூடுதலாகவே காட்டும். நாசில் முதல் முறை தானாக நிற்கும் வரை நிரப்புங்கள், ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே போல முதல் நிறுத்தம் வரை நிரப்பி, ஓடிய மைலை நிரப்பிய கேலனால் வகுங்கள். ஒரே நிரப்பலில் வருகிற எண்ணை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பம்ப் நிற்கும் தரை சற்றுச் சாய்ந்திருந்தாலே சில கேலன் கூடும், குறையும். நான்கைந்து நிரப்பலின் சராசரிதான் கணக்கு. ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்து குடிக்கும் என்பதால் அது ஓடிய மணிகளையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மலிவு டீசலைத் தேடிச் சுற்றுவது

நெடுஞ்சாலையை விட்டு 8 மைல் உள்ளே போனால் கேலனுக்கு 10 சென்ட் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 60 கேலன் நிரப்பினால் மிச்சம் 6 டாலர். போய்வர 16 மைல், கேலனுக்கு 8 மைல் ஓடும் வண்டிக்கு 2 கேலன், அதாவது 8 டாலர். இரண்டு டாலர் நஷ்டம், போதாததற்கு ஊருக்குள் சிக்னலில் நின்று நின்று போகும்போது மைலேஜ் இன்னும் விழும். போகிற வழியிலேயே இருந்தால் மட்டும் மலிவு பம்ப் மலிவு.

பலகையில் பெரிதாகப் போட்டிருக்கும் விலை பல இடங்களில் ரொக்க விலை. கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கேலனுக்குப் பல சென்ட் கூடும். ஒரே டிரக் ஸ்டாப்பில் கார் பக்கத்து டீசலுக்கும் லாரிப் பக்கத்து டீசலுக்கும்கூட விலை வேறாக இருக்கலாம். லாரிக்காரர்களுக்கு விலைக்கழிவு தரும் எரிபொருள் கார்டுகளில் சில ஆர்.வி.காரர்களுக்கும் கிடைக்கின்றன. ஓப்பன் ரோட்ஸ் அப்படிப்பட்டது. பணம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போகும். கழிவு பெரும்பாலும் லாரி லேன் பம்பில்தான் செல்லும். கார்டு வாங்கி வைத்துக்கொண்டு கார் பக்கம் நிரப்பிவிட்டு, கழிவு வரவில்லையே என்று விழிப்பவர்கள் நிறைய.

லாரிக்காரர் பார்க்கும் விலையைப் பார்ப்பது

இது அதிகம் பேர் கவனிக்காத விஷயம். பல மாநிலங்களில் ஓடும் சரக்கு லாரிகள் ஐ.எஃப்.டி.ஏ. என்ற ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. டீசலை எங்கே வாங்கினாலும், எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினார்களோ அந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி நேராக்கப்படும். அதனால் லாரிக்காரர் மாநில வரியைக் கழித்துவிட்டே விலையை ஒப்பிடுவார். பம்பில் விலை கூடுதலாகத் தெரியும் மாநிலம் அவருக்கு மலிவாக இருக்கலாம். சொந்தப் பயணத்துக்கான ஆர்.வி. இந்த ஒப்பந்தத்தில் சேராது. பம்பில் கட்டிய வரி கட்டியதுதான், திரும்பாது.

ஆகவே நமக்குப் பம்ப் விலைதான் கணக்கு, மாநில எல்லைதான் வாய்ப்பு. கேலனுக்கு 24.4 சென்ட் மத்திய வரி எங்கும் ஒன்றுதான், மாநில வரியில்தான் பெரிய வித்தியாசம். பென்சில்வேனியாவும் கலிஃபோர்னியாவும் டீசலுக்கு அதிக வரி போடும் மாநிலங்கள். ஒஹாயோவிலிருந்து பென்சில்வேனியாவுக்குள் நுழைகிறீர்கள் என்றால் ஒஹாயோவிலேயே நிரப்பிவிடுங்கள். அரிசோனாவிலிருந்து கலிஃபோர்னியா போனாலும் அப்படியே. எதிர்த்திசையில் வருகிறவர் எல்லை தாண்டும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதும். எல்லைக்கு முந்தைய கடைசி எக்ஸிட்டில் சில இடங்களில் விலையை ஏற்றி வைத்திருப்பார்கள், முப்பது நாற்பது மைல் முன்னாலிருந்தே பார்த்து வாருங்கள். எரிசக்தித் தகவல் நிறுவனமான இ.ஐ.ஏ. வாராவாரம் பகுதிவாரியாக டீசல் விலையை வெளியிடுகிறது. வளைகுடாக் கரை மாநிலங்கள் வழக்கமாக அடியிலும் கலிஃபோர்னியா உச்சியிலும் இருக்கும்.

லாரிப் பம்பில் சறுக்கும் இடங்கள்

லாரி லேனில் இரண்டு பக்கமும் பம்ப் இருக்கும். ஒன்று முதன்மைப் பம்ப், எதிர்ப்பக்கம் இருப்பது அதன் துணை. உங்கள் டேங்க் வாய் துணைப் பம்ப் பக்கம் இருந்தாலும், முதலில் முதன்மைப் பம்பில் கார்டைப் போட்டு, அதன் நாசிலை எடுத்து இயக்கிவிட்ட பிறகே மறுபக்கம் டீசல் வரும்.

திரை கேட்கும் கேள்விகளில் ஒன்று முக்கியம்: டிராக்டரா, ரீஃபரா? எப்போதும் டிராக்டர்தான், அதாவது டிரெய்லரை இழுக்கும் லாரியின் எஞ்சினுக்கானது. ரீஃபர் என்பது குளிர்சாதன டிரெய்லரின் எஞ்சினுக்கானது. அதில் வருவது சாலை வரி இல்லாத, சிவப்புச் சாயம் கலந்த டீசலாக இருக்கலாம். விலை குறைவு என்று அதைப் போட்டு சாலையில் பிடிபட்டால் மத்திய அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. சாயம் டேங்கிலும் ஃபில்டரிலும் வெகுநாள் தங்கும்.

லாரி நாசிலின் வாய் பெரியது, பாய்ச்சலும் வேகம். முழுவேகத்தில் விட்டால் ஆர்.வி. டேங்கில் நுரை பொங்கி நாசில் அடிக்கடி நின்றுவிடும், சில வண்டிகளில் வாய் வழியே தெறிக்கும். முதல் படியில் வைத்து நிதானமாக நிரப்புங்கள். பிக்கப் வண்டிகளில் அந்த நாசில் நுழையாமலே போகலாம்.

நாசிலின் நிறத்தை நம்பாதீர்கள். டீசலுக்குப் பச்சைக் கைப்பிடி என்று பழகிய கை, பி.பி. நிலையங்களில் பச்சையைப் பார்த்துப் பெட்ரோலை எடுத்துவிடும். எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தவறிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். சில மாடல்களில் சாவியைத் திருப்பினாலே டேங்கிலுள்ள பம்ப் ஓடி, பெட்ரோலை உயர் அழுத்தப் பம்ப் வரை கொண்டுபோய்விடும். டேங்கை வடிப்பதோடு முடிய வேண்டிய செலவு பல ஆயிரம் டாலராகும்.

வேகம்: மற்ற எல்லாத் தவறையும் விடப் பெரியது

மோட்டார்ஹோமின் முகம் ஒரு சுவர். சமதரை நெடுஞ்சாலையில் எஞ்சின் உழைப்பின் பெரும்பகுதி அந்தச் சுவரால் காற்றைத் தள்ளவே போகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். 65-லிருந்து 75 மைலுக்குப் போனால் வேகம் ஏறுவது 15 சதவீதம், காற்றுத் தடை ஏறுவதோ 33 சதவீதம்.

இதைக் காசாக்கிப் பார்ப்போம். 62 மைல் வேகத்தில் கேலனுக்கு 8.5 மைலும், 72-ல் 7 மைலும் ஓடும் வண்டி ஒன்று. 300 மைலுக்கு முதல் வேகத்தில் 35 கேலன், இரண்டாவதில் 43. வித்தியாசம் ஏறத்தாழ 30 டாலர். மிச்சமாகும் நேரம் 40 நிமிடம். அந்த 40 நிமிடம் உங்களுக்கு 30 டாலர் பெறுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் தெரிந்து முடிவு செய்யுங்கள். கலிஃபோர்னியாவில் பின்னால் காரை இழுத்துப் போகிறவருக்கு இந்தக் கேள்வியே இல்லை, எதையாவது இழுக்கும் வண்டிக்கு அங்கே உச்ச வேகம் 55.

எதிர்க்காற்றும் இதே கணக்குதான். 60-ல் போகும்போது முகத்துக்கு நேரே 15 மைல் காற்று அடித்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 75 மைல் காற்று. தடை 56 சதவீதம் கூடுதல். கன்சஸ், வயோமிங் போன்ற திறந்த வெளிகளில் பல நாட்கள் காலையில் காற்று அடங்கியும் பிற்பகலில் வலுத்தும் இருக்கும். விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் நிறுத்துவது, செலவில்லாமல் டீசல் மிச்சம் பிடிக்கும் வழி. காற்று அடிக்கிற நாளில் வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் ஒரு நாள் தங்கிவிடுங்கள்.

தட்டு, பாத்திரத்தை எல்லாம் இறக்கி எடை குறைப்பதில் சமவெளியில் பெரிய பயன் இல்லை. குடிநீர் டேங்க் மட்டும் வேறு. 100 கேலன் தண்ணீர் 834 பவுண்டு. மலையேறும் நாளில், போய்ச் சேரும் இடத்தில் தண்ணீர் உண்டு என்றால், கால்வாசியோடு போங்கள்.

மேடு பள்ளத்தில் க்ரூஸ் கண்ட்ரோல் வேண்டாம். மேட்டில் வேகத்தைப் பிடித்து நிறுத்தக் கண்மூடித்தனமாக டீசலைக் கொட்டும். புகைப் போக்கை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் போட்டிருந்தால் இறக்கத்தில் சேர்ந்த வேகத்தைப் பிடித்துக் கொன்றுவிடும். மேட்டில் ஐந்து பத்து மைல் குறைய விடுங்கள். ஆலிசன் தானியங்கி கியர் வண்டியில் மோடு பொத்தானை அழுத்தினால் சிக்கன முறையில் சீக்கிரமே மேல் கியருக்குப் போகும், சமதரைக்கு அது நல்லது. மலையில் எஞ்சின் திணறினால் அந்த முறையை எடுத்துவிட்டு ஒரு கியர் இறக்குங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஆபத்து மட்டுமல்ல, வீண் செலவும்கூட. கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலிலோ ஐட்லிங்குக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும்.

நிற்கும்போது எரிவது

காலையில் அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காப்பி குடிக்கும் பழக்கம் பழைய எஞ்சின்களின் மிச்சம். ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறி, நிறுத்திய வண்டியைச் சமமாகத் தாங்கும் ஜாக்கிகள் மடங்கிய பின் கிளம்பிவிடலாம், முதல் சில மைல் மெதுவாக. பெரிய டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்கு முக்கால் கேலன் வரை குடிக்கலாம். 2007-க்குப் பிந்தைய எஞ்சின்களில் இன்னொரு பாதகமும் உண்டு. குளிர்ந்த புகையில் கரி, புகைக்குழாயிலுள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் படியும், அதை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் போகும்.

ஜெனரேட்டர் ஏ.சி. சுமையோடு மணிக்கு முக்கால் கேலன் எடுக்கிறது என்றால் பத்து மணி நேர இரவுக்கு 30 டாலர். இலவச இடம் என்று நினைத்து நிறுத்திய இடம் இலவசமல்ல. வெக்கையான இரவில் மின் இணைப்புள்ள கேம்ப் கிரவுண்டுதான் பல நேரம் கட்டுப்படியாகும். ஜெனரேட்டரின் உறிஞ்சு குழாய் டேங்கில் சற்று உயரத்தில் இருப்பதால் கால் டேங்குக்குக் கீழே போனால் அது நின்றுவிடும், அது பழுதல்ல.

பார்க்காமல் விடப்படும் பாகங்கள்

டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தை அப்படியே அடிப்பதும் தவறு, கண்ணால் பார்த்துச் சரியென்று விடுவதும் தவறு. டிரக் ஸ்டாப்பிலுள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் முழுச் சுமையோடு அச்சு அச்சாக எடை போடுங்கள். டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் அந்த எடைக்குரிய அழுத்தத்தைப் பாருங்கள். ஓடாத, குளிர்ந்த டயரில் அதை வையுங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் 100 பி.எஸ்.ஐ. டயரில் சுமார் 2 குறையும். பாலைவனத்திலிருந்து மலைக்குப் போகிறவர் மறுநாள் காலையில் மறுபடி பார்க்க வேண்டும்.

பின்பக்க ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் ஒரு மறைவான செலவு இருக்கிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய் விசிறிக்கு முன்னால் முடிந்தால், அதிலிருந்து வரும் எண்ணெய் ஆவியை விசிறி நேரே, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலர் மீது அடிக்கும். புழுதி அதில் ஒட்டி அடை போலாகும். ரேடியேட்டரின் வெளிப்புறம் பளிச்சென்று இருக்கும், விசிறிப் பக்கம் டார்ச் அடித்தால்தான் தெரியும். விளைவு, எஞ்சின் வெப்பம் ஏறும், விசிறி முழுவேகத்தில் ஓடி எஞ்சினின் சக்தியைத் தின்னும், மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாக விழும். அலுமினியத்தை அரிக்காத கிரீஸ் நீக்கியைத் தெளித்து, ஊறவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் விசிறிப் பக்கத்திலிருந்து கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். பிறகு மூச்சுக்குழாயை ரேடியேட்டரைத் தாண்டி நீட்டுங்கள். எங்கும் தொய்யக் கூடாது, தொய்வில் தேங்கும் நீர் குளிரில் உறைந்து குழாயை அடைத்துவிடும்.

காரை இழுத்துப் போகிறவர்கள் முதல் நிறுத்தத்தில் அதன் சக்கரங்களின் சூட்டையும் பார்க்க வேண்டும். இழுக்கப்படும் காரில் பொருத்திய துணை பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்தால் டீசலும் போகும், பிரேக்கும் எரியும்.

குளிரும் டெஃபும்

ஜனவரியில் டெக்சஸில் மலிவாக நிரப்பிக்கொண்டு நேரே வடக்கு டகோட்டாவுக்கு ஓட்டுவது வீண் வம்பு. தென்மாநில டீசல் கடுங்குளிருக்குக் கலக்கப்பட்டதல்ல, மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். வழியிலேயே காலி செய்து, குளிர்ப் பகுதியில் விற்கும் குளிர்காலக் கலவையை நிரப்புங்கள். உறைவுத் தடுப்பு மருந்து போடுவதானால் உறைவதற்கு முன், நிரப்பும்போதே போட வேண்டும். குளிர்காலக் கலவையில் ஆற்றல் சற்றுக் குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கினால் வண்டியில் கோளாறு தேட வேண்டாம்.

டெஃப் என்பது புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் திரவம், எரியும் டீசலின் அளவில் 2 முதல் 3 சதவீதம் செலவாகும். இரண்டரை கேலன் கேனாக வாங்குவதைவிட லாரி லேன் பம்பில் வாங்குவது பொதுவாக மலிவு. வெயில் ஏறும், வண்டியின் அடித்தளச் சாமான் பெட்டியில் கேன்களைச் சேர்த்து வைத்தால் மலிவாக வாங்கியதன் பயன் போய்விடும், 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே டெஃபின் ஆயுள் வேகமாகக் குறையும். கேனின் மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள், ஊற்றும்போது நீல மூடியா என்று மறுமுறை பாருங்கள். டீசல் டேங்கில் டெஃப் ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்காமல் டோ வண்டியை அழைப்பதுதான் மலிவு.