பெயரில் தொடங்கி பிளான் வரைக்கும்: எம்.எஸ்.-900 எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஐந்து பேருக்கு மைக்ரோசாஃப்ட் 365 (வேர்டு, எக்செல், டீம்ஸ் எல்லாம் சேர்ந்த சந்தாச் சேவை) அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வான எம்.எஸ்.-900 பற்றிச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று ஆளுக்கொரு ஊர். பாடத்தைத் திறப்பதற்குள் உச்சிப்புளிப் பையன், "அண்ணே, நான் நேத்தே பணம் கட்டிட்டேன்" என்றான். எந்தப் பெயரில் கட்டினாய் என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டதும் ஐந்து வருஷத்துக்கு முன் மதுரையில் நான் முழித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்துவிட்டது. பாடம் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

படிக்காமல் போகாதீர்கள், நேரத்தோடு போங்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

இனிஷியல்

நம் பக்கத்தில் ஒருவருக்கு ஒரு பெயர் என்பதே கிடையாது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் பின்னால் போயிருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. குமார் என்று ஒருவர், அவருடைய அப்பா முத்துசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம். குமார், குமார் எம், குமார் முத்துசாமி, முத்துசாமி குமார். நமக்கு நாலும் ஒரே ஆள். தேர்வு மையத்து மேசையில் நாலு பேர்.

நான் பதிவு செய்தபோது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வந்தது. கடைசிப் பெயருக்கு நாம் எங்கே போவது? இனிஷியலை ஓர் எழுத்தாகத் தட்டிவிட்டு மேலே போய்விட்டேன். அப்புறம் ஆறு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். தேர்வன்று விடியற்காலை மண்டபத்தில் பஸ் ஏறி, பரமக்குடி, மானாமதுரை தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து மையத்துக்குப் போனால் முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது. வாசலில் ஒரு டீ கூடக் குடித்தேன்.

மேசையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கினார். திரையைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "இதுல அப்பா பேரு முழுசா இருக்கு சார். புக்கிங்ல ஒரு எழுத்துதான் இருக்கு" என்றார். ஆதாரை நீட்டினேன், அதில் இனிஷியல் முன்னால். பான் கார்டை நீட்டினேன். அதில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலே வேறு. ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் போடப் போட, நான் ஏதோ போலி ஆள் என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது. உள்ளே விடவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை. வீட்டில் "சர்வர் கோளாறு, தேர்வைத் தள்ளி வச்சுட்டாங்க" என்று சொன்னேன். அம்மா இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உறுதி மின்னஞ்சலிலேயே போட்டிருந்தது. நான் அதில் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். ஒரு கேள்விகூடப் பார்க்காமல் தோற்ற தேர்வு அது. அதனால்தான் இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பாடம் தெரியாமல் தோற்றிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஐந்து பேரில் மூன்று பேர் இதே குழியில் இருந்தார்கள். உச்சிப்புளிப் பையன் கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தான். தேவிபட்டினத்துப் பெண் ஜிமெயிலில் இருந்த செல்லப் பெயரையே போட்டிருந்தாள். கீழக்கரைத் தம்பிக்கு வீட்டுப் பெயர்களோடு மூன்று இனிஷியல்; பாஸ்போர்ட்டில் மூன்றும் விரிந்து ஒரு வரி நீளத்துக்கு இருந்தது, பதிவில் மூன்று எழுத்து. "காக்கா, வாப்பா துபாய்லேருந்து பணம் போட்டுட்டாங்க. இப்ப என்ன செய்யுறது?" என்று கேட்டான்.

முதலில் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். என் யோசனை பாஸ்போர்ட். காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும். அதை மடியில் வைத்துக்கொண்டு, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து எழுத்தாகச் சான்றிதழ் சுயவிவரத்தில் தட்டுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது என்றால், இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது என்று சான்றிதழ் ஆதரவுக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு தேதி எடுங்கள். பெயரைத் திருத்த நாள் பிடிக்கலாம், தேர்வன்று காலையில் உட்கார்ந்து மாற்றிவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். பணம் கட்டிவிட்டவர்கள் தேர்வுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தேதியைத் தள்ளிவைத்துவிட்டால் பணம் தப்பும். அந்த மூன்று பேரையும் அங்கேயே உட்காரவைத்துத் தள்ளிவைக்கச் சொன்னேன். கையில் அசல் அட்டை இருக்கட்டும். நகலும் உதவாது, டிஜிலாக்கரை நம்பியும் போக வேண்டாம்.

கல்லூரி மெயில்

கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் பதிவு செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து தேறினார். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். சான்றிதழ் உள்ளே, அவர் வெளியே. அலுவலக மின்னஞ்சலுக்கும் இதே கதிதான். சொந்தக் கணக்கு ஒன்று திறக்க ஐந்து நிமிஷம் போதும்.

பழைய பெயரில் படிப்பது

முகவை என்று போர்டு போட்டிருந்தாலும், ராம்நாடு என்று கண்டக்டர் கூவினாலும், ராமநாதபுரம் என்று டிக்கெட்டில் அடித்திருந்தாலும் நாம் சரியான பஸ்ஸில்தான் ஏறுவோம். மைக்ரோசாஃப்ட்டின் பெயர்களில் அந்தப் பழக்கம் வெளியூர்க்காரர்களாகிய நமக்கு இல்லை. ஊழியர் கணக்குகளையும் உள்நுழைவையும் பார்த்துக்கொள்ளும் அஸூர் ஆக்டிவ் டைரக்டரி 2023-இல் என்ட்ரா ஐடி ஆனது. அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளமான யாம்மர் இப்போது விவா என்கேஜ். சட்டதிட்டங்களுக்கு இணங்கி நடப்பது தொடர்பான கருவிகள் 2022-இல் பர்வியூ என்ற குடைக்குள் வந்தன. லேப்டாப், ஃபோன்களை நிர்வகிக்கும் கருவி, எண்ட்பாயிண்ட் மேனேஜர் என்று படித்தது, திரும்பவும் இன்டியூன் பெயருக்கே போய்விட்டது.

யூடியூபில் நாலு வருஷத்துக்கு முந்தைய வீடியோவைப் பார்த்துவிட்டுப் போகிறவர், கேள்வியில் என்ட்ரா என்று கண்டதும் ஏதோ புதுப் பொருள் என்று நினைத்து அந்த விடையைத் தள்ளிவிடுகிறார். விடை அதுவேதான். வீடியோவின் தேதியைப் பாருங்கள். அதைவிட, மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் இலவசமாகக் கிடக்கும் பாடத்தையும் பயிற்சித் தேர்வையும் பயன்படுத்துங்கள். தேர்வின் எண்களும் இப்படித்தான், வரும் போகும். எம்.எஸ்.-900-ஐயே 2026 மார்ச் 31-ஓடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. பணம் கட்டும் முன் அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பாடத்திட்டம் எந்தத் தேதியில் மாறுகிறது, தேர்வையே நிறுத்துகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடையாள அட்டையும் டோக்கனும்

அங்கீகாரம் (ஆத்தன்டிகேஷன்), அனுமதி (ஆத்தரைசேஷன்) இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரித் தொடங்குவதால் அவசரத்தில் கண் வழுக்கிவிடும்.

மண்டபத்துப் பையனுக்கு நான் இப்படிச் சொன்னேன். உன்னிடம் மீனவர் அடையாள அட்டை இருக்கிறது. நீ யார் என்பதை அது காட்டுகிறது. அது அங்கீகாரம். விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிறது. நீ என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது அது, அதுதான் அனுமதி. சரி, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது. உன் அட்டை அதே அட்டை, படகு அதே படகு. ஆனாலும் அன்றைக்கு டோக்கன் கிடையாது. ஆள் யார் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் நிலைமையைப் பார்த்து நிறுத்துகிறார்கள் இல்லையா, அதைத்தான் என்ட்ராவில் நிபந்தனை அணுகல் (கண்டிஷனல் ஆக்சஸ்) என்கிறார்கள். ஊழியர் சரியான கடவுச்சொல்லோடுதான் வருகிறார், ஆனால் தெரியாத நாட்டிலிருந்து, பதிவில்லாத லேப்டாப்பில். அப்போது இன்னொரு சரிபார்ப்பு கேட்கலாம், அல்லது கதவைச் சாத்தலாம். பையன் சிரித்துக்கொண்டே, "அப்ப தடைக்காலம் 61 நாளும் எல்லாருக்கும் பிளாக்கா அண்ணே?" என்றான். புரிந்துவிட்டது.

எக்செல் தெரியும் என்ற தைரியம்

மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்த்த ஒருவர், எக்செலில் புலி, இந்தத் தேர்வு தனக்கு ஊதித்தள்ளும் வேலை என்று வந்தார். எக்செலில் எப்படிக் கூட்டுவது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எந்தத் தேவைக்கு எந்தச் சேவை என்றுதான் கேட்கிறார்கள்.

அவரிடம் ஒரு கேள்வி போட்டேன். நண்டு எடைப் பட்டியலை டீம்ஸில் ஒரு சேனலில் போடுகிறீர்கள். இன்னொரு நாள் அதே பட்டியலை மேனேஜருக்குத் தனிச் சாட்டில் அனுப்புகிறீர்கள். கோப்பு எங்கே போய் உட்காருகிறது? இரண்டும் டீம்ஸில்தான் என்றார். சேனலில் போட்டது அந்தக் குழுவின் ஷேர்பாயிண்டில் இருக்கும். சாட்டில் அனுப்பியது அனுப்பியவரின் ஒன்டிரைவில் இருக்கும். டீம்ஸ் என்பது நாம் உட்கார்ந்து பேசும் திண்ணை, சாமான் அறைகள் வீட்டுக்குள்ளே இருக்கின்றன. இது பிடிபட்டால் ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் கேள்விகளில் பாதி தானாக விழும்.

பிளான்களைக் கடைசி ராத்திரிக்கு வைப்பது

விலை, உரிமம், ஆதரவு என்ற பகுதிக்கு நான் கடைசியாகப் பார்த்த பாடத்திட்டத்தில் 10 முதல் 15 சதவீதம். சின்னதுதானே என்று எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். மனப்பாடமாகத் தெரிந்தால் யோசிக்காமல் வாங்கும் மார்க் அது.

பிசினஸ் பிளான்களுக்கு 300 பேர் வரம்பு. பிசினஸ் பேசிக்கில் வேர்டும் எக்செலும் உண்டு, ஆனால் பிரவுசரிலும் ஃபோனிலும்தான். கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ள ஸ்டாண்டர்டுக்குப் போக வேண்டும். இன்டியூனும் கூடுதல் பாதுகாப்பும் வேண்டுமென்றால் பிரீமியம். அதற்கு மேல் பெரிய நிறுவனங்களுக்கு ஈ3, ஈ5. எஃப் வரிசையை ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இறால் கம்பெனி ஷெட்டில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேசை இல்லை, சொந்தக் கம்ப்யூட்டர் இல்லை, ஷிஃப்ட் எப்போது என்று ஃபோனில் பார்த்தால் போதும். அவர்களுக்கானது எஃப்1, எஃப்3. கேள்வியில் கடை ஊழியர், நர்ஸ், தொழிற்சாலை ஆள் என்று வந்தால் முதலில் கண் அங்கே போகட்டும்.

கிளவுட் கருத்துகளிலேயே குடியிருப்பது

கிளவுட் என்றால் இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர் வசதி. அதில் ஒரு பகுதியான விர்ச்சுவல் மெஷினில் மட்டும் மூன்று வாரம் செலவழித்தவர்கள் உண்டு. அதே பாடத்திட்டத்தில் கிளவுட் கருத்துகளுக்கு 5 முதல் 10 சதவீதம்தான். ஒரு வார இறுதி தாராளம்.

டம்ப்

தேர்விலிருந்து திருடியது என்று விற்கும் கேள்வி-விடைத் தொகுப்பைத்தான் டம்ப் என்கிறார்கள். வாங்காதீர்கள். விடைகளே பாதி தப்பு, மாட்டினால் தடை.

வீட்டிலிருந்து எழுதுவது

மதுரைக்கு அலைய வேண்டாமே என்று வீட்டிலிருந்து எழுதலாம். கேமரா முன் ஒருவர் கண்காணித்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது, கேள்வியை வாய்விட்டுப் படிக்கக்கூடாது. ஒரு பையனுக்கு 20-ஆவது கேள்வியில் அவன் உம்மா டீயும் வாடாவும் கொண்டுவந்துவிட்டார். அத்தோடு தேர்வை முடித்துவிட்டார்கள். வீட்டுக்குள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் பழக்கம் இல்லாதவர்கள் பஸ் ஏறுவதே மேல். உங்கள் ஃபீடரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுபது சதவீதம் என்று கணக்குப் போடுவது

தேற 1000-க்கு 700 வேண்டும். இது அளவீட்டு மதிப்பெண். 70 சதவீதக் கேள்விகள் சரியாக இருந்தால் போதும் என்று அர்த்தமில்லை. பயிற்சித் தேர்வில் 80-க்குக் கீழே இருக்கிறவர்களை நான் போக விடுவதில்லை. கேள்விகளுக்குக் கிடைக்கும் நேரம் 45 நிமிஷம். தமிழில் இந்தத் தேர்வு இல்லை என்பதால் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். தேதி எடுக்கும் முன்பே கேட்க வேண்டும்.

தெரியாத கேள்வியை விட்டுவிடுவது

மைனஸ் மார்க் கிடையாது. எதையாவது போடுங்கள்.

தோற்ற கையோடு மறுபடி பணம் கட்டுவது

முதல் தடவை தோற்றால் 24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம். அடுத்தடுத்த தடவைகளுக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். 24 மணி நேரம்தானே என்று ரோஷத்தில் மறுநாளே போய் உட்கார்ந்தவர்கள் அதே இடத்தில்தான் விழுந்தார்கள். மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பட்டை போட்டுக் காட்டியிருப்பார்கள். குட்டையான பட்டை எது என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் ஒரு வாரம் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.