துறைச் சுவரில் ஒரு பெண்ணின் பெயரை எழுதும் முன்

சிங்கப்பூரில் எங்கள் உயிரியல் துறையின் தாழ்வாரத்தில் முன்னோடிப் பெண்களின் படங்களை மாட்டும் பொறுப்பு மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. நான் பேராசிரியர் அல்ல, ஆய்வகத்தில் 24 ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். இப்போது மற்றத் துறைகளிலிருந்தும் "எப்படிச் செஞ்சீங்க அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பிடியுங்கள். பாதி உழைப்பு இதிலேயே போய்விடும், போகட்டும். பழைய ஆண்டறிக்கைகளில் பல பெண்கள் கணவர் பெயருக்கு முன்னால் வரும் 'திருமதி'க்குள் மறைந்து கிடப்பார்கள். சீனப் பெண்ணின் பெயர் ஓரிடத்தில் ஹொக்கியன் என்ற வட்டார மொழி உச்சரிப்பிலும், இன்னோரிடத்தில் மாண்டரின் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யினிலும் இருக்கும். நம் பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தே மாறிவிடும். ஒரே ஆளை மூன்று பேராக எண்ணிவிடுவோம். அதனால் ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, எந்த ஆண்டில் எந்தப் பெயரில் வருகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பழைய நாளிதழ்களை இணையத்தில் தரும் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன. பொறுமையாகப் புரட்டுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் பலகையில் ஒருவரைக் கணவர் பெயராலேயே அச்சிட்டுவிட்டேன். திறப்பு விழாவுக்கு வந்த அவருடைய மகள் வெகுநேரம் பலகை முன்னால் நின்றார். பிறகு, "இதுல எங்கம்மா பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன்.

அடுத்து, முதன்முதலில் எழுதப்பட்டதைத் தேடிப் படியுங்கள். 1981இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட ஆர்க்கிட்டை எல்லாருக்கும் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்று தெரியும். அந்த மிஸ் ஜோக்கிமின் பெயர் ஆக்னஸ் என்றால் பலர் விழிப்பார்கள். அந்த ஆர்மீனியப் பெண் தோட்டத்தில் தற்செயலாகக் கண்டெடுத்த பூ அது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் தாவரவியல் பூங்காவை நடத்திவந்த ரிட்லி, 1893இல் அந்தப் பூவை முதன்முதலில் விவரித்தபோதே, இரண்டு வகைகளைக் கலந்து அதை உருவாக்கியவர் மிஸ் ஜோக்கிம்தான் என்று எழுதிவிட்டார். பிற்காலத்தில் சொன்னவர்களை நம்பியதால் அந்தப் பெண்ணின் உழைப்பு அதிர்ஷ்டமாகிப் போனது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பது? பூஞ்சையியலாளர் குளோரியா லிம் போன்றவர்களைத் தேட வேண்டியதே இல்லை. 1973இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக அறிவியல் புலத்தின் முதல் பெண் டீன் ஆனவர் அவர். அதோடு நிறுத்தாதீர்கள். பழைய ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். மாதிரிகளைப் பதப்படுத்தியவர், வரைபடம் வரைந்தவர், கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்தவர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். எங்கள் சுவரில், 30 ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கிய மலாய் மாது ஒருவரும் டீன்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

அடைத்திருந்த கதவுகளையும் எழுதுங்கள். இங்கே 1979 முதல், மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்ற வரம்பு இருந்தது. அது நீங்கியது 2003இல். பட்டியலில் ஏன் ஆட்கள் குறைவு என்று மாணவிகள் கேட்கும்போது இந்தப் பதில் அங்கேயே இருக்க வேண்டும்.

படம் போட எப்போதும் குடும்பத்தாரைக் கேளுங்கள். இறந்து 10 ஆண்டு ஆகாதவர்களின் தகவலை வெளியிடுவதற்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

சுவர் முடிந்ததும் துறையின் கால அட்டவணையை எடுங்கள். எங்கள் கருத்தரங்கு மாலை ஐந்தரைக்குத் தொடங்கும். குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் ஏழு மணிக்கு மூடிவிடும். கேள்வி நேரம் வருவதற்குள் தாய்மார்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். நண்பகலுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், முஸ்லிம் மாணவர்களுக்குத் தொழுகை இருக்கிறது. மதிய உணவு ஹலாலாக இருக்கட்டும், சைவமும் தனியாக வைக்கட்டும். இரண்டு கூட்டங்களில் தள்ளிப் போட்டார்கள், மூன்றாவதில் ஒத்துக்கொண்டார்கள். இப்போது புதன்கிழமை பன்னிரண்டு மணி.

அந்த மகள் போன மாதம் பேத்தியோடு வந்திருந்தார். புதிய பலகையில் அவருடைய அம்மாவின் பெயர் நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் இருக்கிறது. சிறுமி தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.