டிபிகே1 தான் காரணம்னு எழுதுறதுக்கு முன்னாடி

வைரஸ் செல்லுக்குள்ள வந்ததும் அதோட ஆர்என்ஏவ ரிக்-ஐங்கிற புரோட்டீன் பிடிக்கும், டிஎன்ஏவா இருந்தா சிகேஸ்ங்கிற புரோட்டீன் பிடிக்கும், சேதி மாவ்ஸ் (ஆர்என்ஏ பக்கம்) இல்லன்னா ஸ்டிங் (டிஎன்ஏ பக்கம்)ங்கிற புரோட்டீன் வழியா டிபிகே1ங்கிற கைனேஸுக்கு, அதாவது பாஸ்பேட் ஒட்டுற என்சைமுக்கு, வரும், அது ஐஆர்எஃப்3ங்கிற புரோட்டீன் மேல பாஸ்பேட்ட ஒட்டும், ஐஆர்எஃப்3 ஜோடி சேர்ந்து நியூக்ளியஸுக்குள்ள போயி இன்டர்ஃபெரான் பீட்டாங்கிற வைரஸ் எதிர்ப்பு புரோட்டீனோட ஜீன ஆன் பண்ணும். படிக்க ஈசி, உங்க செல்லுல இதுதான் நடக்குது, ஜீன் ஆன் ஆக டிபிகே1 தான் காரணம்னு காட்டுறதுதான் பெரும்பாடு.

முதல்ல செல்ல பாத்து எடுங்க. வீரோங்கிற குரங்கு சிறுநீரக செல்லால இன்டர்ஃபெரான் பீட்டா தயாரிக்கவே முடியாது, 293டிங்கிற மனுஷ செல்லுல சிகேஸ், ஸ்டிங் ரெண்டுமே கிட்டத்தட்ட கிடையாது, அதுல டிஎன்ஏவ போட்டுட்டு எத்தன நாள் உக்காந்திருந்தாலும் பலன் இல்ல. ஆர்என்ஏ பக்கம்னா ஏ549ங்கிற மனுஷ நுரையீரல் செல்லும் செண்டாய்ங்கிற ஆர்என்ஏ வைரஸும் போதும்.

வைரஸ விட்டதுல இருந்து 0, 2, 4, 8, 12 மணி நேரம்னு சாம்பிள் எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி வெச்சு புரோட்டீன கண்டுபிடிக்கிற சோதனை) போடுங்க. பாஸ்பேட் ஒட்டுற இடம் டிபிகே1ல 172ஆவது அமினோ அமிலமான செரின், ஐஆர்எஃப்3ல 396ஆவது செரின், ரெண்டுக்கும் பாஸ்பேட் ஒட்டினத மட்டும் பிடிக்கிற பாஸ்போ ஆன்டிபாடி கிடைக்கும். செல்ல உடைக்கிற பஃபர்ல பாஸ்பேட்ட கழட்டுற என்சைம தடுக்கிற பாஸ்படேஸ் இன்ஹிபிட்டர் கண்டிப்பா போடணும், ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம தடுக்க பால் பவுடர் வேணாம், பால்ல இருக்கிற கேசினே பாஸ்பேட் ஒட்டின புரோட்டீன் தான், அதனால பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கிற ஆல்புமின்) எடுத்துக்கோங்க. மொத்த டிபிகே1, மொத்த ஐஆர்எஃப்3 பிளாட்டும் சேத்தே போடுங்க.

இப்ப முக்கியமான இடம். டிபிகே1ஐ தடுக்கிற பிஎக்ஸ்795 மருந்த மட்டும் போட்டு முடிவு பண்ணாதீங்க, அது பிடிகே1ங்கிற வேற ஒரு கைனேஸையும் தடுக்கும். கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற முறையில டிபிகே1ஐ நாக்அவுட் பண்ணாலும், அதாவது இல்லாம ஆக்கினாலும், ஐகேகே எப்சிலான்னு ஒரு பங்காளி கைனேஸ் இருக்கு, சில செல்லுல, குறிப்பா மேக்ரோஃபேஜ்ங்கிற நோய் எதிர்ப்பு செல்லுல, அது பாதி வேலைய எடுத்து செஞ்சிரும், நீங்க டிபிகே1க்கு வேலையே இல்லன்னு நினைச்சிருவீங்க, அதனால ரெண்டையும் சேத்து எடுத்தும் பாக்கணும். அப்புறம் நாக்அவுட் செல்லுக்குள்ள நல்ல டிபிகே1 ஒரு பக்கம், 38ஆவது லைசின மாத்தி கைனேஸ் வேலை செய்யாம பண்ணின கே38ஏ இன்னொரு பக்கம்னு திருப்பி போடுங்க. நல்லதுல சிக்னல் திரும்பி வந்து கே38ஏல வரலன்னா தான் கைனேஸ் வேலை தான் காரணம்னு சொல்ல முடியும், என்னய கேட்டா இது இல்லாத பேப்பர நம்பவே கூடாது. ஆனா அளவுக்கு மீறி போட்றாதீங்க, டிபிகே1 நிறைய ஆனா வைரஸே இல்லாம தானா ஆன் ஆயிரும், இயல்பா இருக்கிற அளவு தான் வேணும்.

கடைசியா கியூபிசிஆர்ல (ஒரு ஜீனோட ஆர்என்ஏ எவ்வளவு இருக்குன்னு அளக்கிற சோதனை) இன்டர்ஃபெரான் பீட்டாவும், இன்டர்ஃபெரானால ஆன் ஆகிற ஐஎஸ்ஜி15 ஜீனும் பாருங்க. கூடவே விஎஸ்விங்கிற வைரஸ அதே செல்லுல விட்டு எவ்வளவு பெருகுதுன்னு பிளாக் அஸே (வைரஸ் செல்ல கொன்னு உண்டாக்குற ஓட்டைகள, அதாவது பிளாக்குகள, எண்ணுற சோதனை) போட்டு எண்ணுங்க, முதல்ல வேணாம்னு சொன்ன வீரோ செல் இங்க தான் கை கொடுக்கும், தானா இன்டர்ஃபெரான் விடாததால பிளாக் தெளிவா விழும்.