நெக்சஸ் 4-ல் ஓவர்கிளாக் புரொஃபைல், போனைக் கொல்லாமல்

ஓவர்கிளாக் என்றால் சிப்பை அதற்கு வைத்த எல்லையைத் தாண்டிய வேகத்தில் ஓட்டுவது. இப்போது கையில் வைத்திருக்கும் புதுப் போனில் இதைச் செய்யலாமா என்று கேட்டால், பெரும்பாலும் முடியாது. 2018-ல் வந்த ஸ்னாப்டிராகன் 845 முதலே எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்கிற அட்டவணையை சிப்பில் இருக்கும் தனி வன்பொருள் வைத்துக்கொள்கிறது, ஆண்ட்ராய்டின் அடியில் இருந்து வன்பொருளை இயக்கும் கர்னல் அதைப் படித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் இந்த விளையாட்டு பழைய போன்களுக்கானது. நான் நெக்சஸ் 4-ஐ வைத்துச் சொல்கிறேன். 2012 நவம்பரில் வந்தது, ஸ்னாப்டிராகன் எஸ்4 புரோ, நான்கு கிரெய்ட் கோர், 384-ல் தொடங்கி 1512 மெகாஹெர்ட்ஸ் வரை. பூட்லோடர் (போனைக் கிளப்பும் முதல் புரோகிராம், அதன் பூட்டைத் திறந்தால்தான் வேறு கர்னல் ஏற்றலாம்) சுலபமாகத் திறக்கும், பிறர் மாற்றி எழுதிய கஸ்டம் கர்னலுக்கும் பஞ்சமே இருந்ததில்லை. வேறு பழைய போன் என்றால் எண்கள் மாறும், செய்யும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

வேகத்தை மாற்ற ரூட் வேண்டும், அதாவது போனின் முழு நிர்வாக அனுமதி. ரூட் செய்த போனில் வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் பல நேரம் திறக்கவே மறுக்கும். ஆகவே தினமும் பணம் கட்டும் போனில் இதைச் செய்யாதீர்கள்.

பூட்லோடரைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், படங்களை முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம் டிடபிள்யூஆர்பி ரெக்கவரியை (ஆண்ட்ராய்டு கிளம்பாமலே பேக்கப் எடுக்கவும் திருப்பிப் போடவும் உதவும் தனிப் புரோகிராம்) போட்டு முழு பேக்கப் எடுங்கள், அதில் பூட் (கர்னல் இருக்கும் பகுதி), இஎஃப்எஸ் (நெட்வொர்க் விவரங்கள் இருக்கும் பகுதி) இரண்டுக்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். இஎஃப்எஸ் போனால் ஐஎம்இஐ எண்ணும் போகலாம், அப்புறம் சிம் போட்டும் பயனில்லை. பேக்கப்பைக் கணினிக்கு நகல் எடுத்து வையுங்கள், போனிலேயே கிடக்கும் பேக்கப் போன் கிளம்பாத அன்றைக்கு உதவாது. கர்னல் உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்புக்கானதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நெக்சஸ் 4-க்கு கூகுள் கடைசியாகக் கொடுத்தது 5.1.1. கர்னல் முழு பூட் இமேஜாகக் கிடைத்தால் நேராக ஏற்ற வேண்டாம். கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் ஃபாஸ்ட்பூட்டில், பதியாமல் ஒரு தடவை மட்டும் கிளப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அப்படிக் கிளப்பினால் பிடிக்காத கர்னல் ஒரு ரீஸ்டார்ட்டில் காணாமல் போய்விடும்.

இனி வேகம். ஓவர்கிளாக் என்றதும் எல்லாரும் மேல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள், என்னைக் கேட்டால் புரொஃபைல் என்பதே வேகத்தை எப்போது இறக்குவது என்று போனுக்குச் சொல்லிவைக்கும் வேலைதான். ஏற்றுவதற்கு ஒரே ஒரு எண் போதும், இறக்குவதற்குத்தான் நாலைந்து நிபந்தனை வேண்டியிருக்கிறது. காரணம் இது: சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 1512-லிருந்து 1620-க்குப் போனால் வேகம் 7 சதவீதம் கூடும், அதற்காக வோல்டேஜை 5 சதவீதம் உயர்த்த வேண்டி வந்தால் மின்செலவு 18 சதவீதம் கூடிவிடும். அந்தச் சூடு முழுக்க, கண்ணாடி முதுகு கொண்ட, கழற்ற முடியாத 2100 எம்ஏஎச் பேட்டரியை உள்ளே வைத்திருக்கும் ஒரு மெல்லிய பெட்டிக்குள் இறங்குகிறது.

அடுத்தவர் போட்ட எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதிலும் வம்பு இருக்கிறது. ஒரே மாடல் என்றாலும் சிப்புகள் ஒன்றல்ல, தொழிற்சாலையிலேயே ஸ்லோ, நாமினல், ஃபாஸ்ட், ஃபாஸ்டர் என்று தரம் பிரித்திருக்கிறார்கள், கர்னல் கிளம்பும்போது இதைப் படித்து அதற்கேற்ற வோல்டேஜ் அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. கர்னல் லாக்கில் (கர்னல் எழுதிவைக்கும் பதிவு) பிவிஎஸ் (இந்தத் தரப்பிரிப்பின் சுருக்கப் பெயர்) என்று தேடினால் உங்களுடையது எது என்று தெரியும். ஃபாஸ்டர் சிப் வைத்திருப்பவர் குறைந்த வோல்டேஜில் சாதாரணமாக ஓட்டும் வேகம், ஸ்லோ சிப்பில் அதே வோல்டேஜுக்கு ஹேங் ஆகும்.

முதல் நாள் வேகத்தை மாற்றும் ஆப்பில் ஒரே ஒரு படி ஏற்றுங்கள், 1512-க்கு அடுத்து 1566. வோல்டேஜைத் தொட வேண்டாம், கிராபிக்ஸ் பக்கமும் போக வேண்டாம், இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் எது கவிழ்த்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கவர்னர் (வேலைக்கேற்ப வேகத்தை எப்போது ஏற்றி இறக்குவது என்று தீர்மானிக்கும் விதி) ஏற்கெனவே இருந்ததே இருக்கட்டும், இன்டராக்டிவ் அல்லது ஆன்-டிமாண்ட். பர்ஃபார்மன்ஸ் கவர்னரில் வைத்தால் போன் சும்மா கிடக்கும்போதும் உச்சியிலேயே நிற்கும்.

'செட் ஆன் பூட்' என்ற, போன் கிளம்பும்போதே எண்ணைத் தானாகப் போடும் டிக்கை மட்டும் இப்போது போடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இந்த வரியை வையுங்கள். அந்த டிக் இல்லாதவரை போன் உறைந்தால் பவர் பொத்தானைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் போதும், பழைய வேகத்தில் எழுந்துவிடும். டிக் இருந்தால் எழும்போதெல்லாம் அதே தவறான வேகத்தைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டு மறுபடி விழும்.

போட்ட எண் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஆப்பின் திரையை மட்டும் நம்பக் கூடாது. இந்தப் போனில் எம்பிடிசிஷன் என்று, சிப்பைத் தயாரித்த குவால்காமின் ஒரு புரோகிராம் பின்னால் ஓடுகிறது, வேலை இல்லாத கோர்களை அணைப்பதும் எழுப்புவதும் அதன் வேலை. நான்கு கோருக்கும் தனித்தனி கிளாக், அணைந்த கோருக்கான அமைப்புக் கோப்புகளே அந்த நேரத்தில் காணாமல் போகும், அதனால் நீங்கள் எண் போட்டபோது தூங்கிக்கொண்டிருந்த மூன்றாவது கோர் எழும்போது பழைய எல்லையோடு எழலாம். ஒரு கேமை ஓடவிட்டு, நான்கும் விழித்திருக்கும்போது கட்டளை தட்டும் டெர்மினல் ஆப்பில் ஒவ்வொரு கோரின் ஸ்கேலிங் மேக்ஸ் கோப்பையும் (அந்தக் கோரின் மேல் எல்லை அதில் இருக்கும்) படித்துப் பாருங்கள். கிலோஹெர்ட்ஸில் இருக்கும், 1566000 என்று வர வேண்டும். வேகத்தை மாற்றும் ஆப் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள், அவை ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே இருக்கும்.

சோதனை என்று பெஞ்ச்மார்க்கை ஒரு தடவை ஓட்டி எண்ணைப் படம் பிடித்துப் போடுவது சோதனை இல்லை. ஹேங் ஆகும் போனையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். ஹேங் ஆகாமல் கணக்கை மட்டும் எப்போதாவது தப்பாகப் போடும் சிப்தான் ஆபத்து, கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். இதைப் பிடிக்க ஒரு வழி: சில நூறு எம்பி இருக்கும் ஏதாவது ஒரு ஜிப் கோப்பை எடுத்து, டெர்மினலில் அதன் எம்டி5 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் எழுத்து வரிசை) கணக்கைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், அரை மணி ஓடட்டும், திரையில் ஒரே வரி கீழே கீழே வந்துகொண்டிருக்க வேண்டும். கோப்பு மாறவில்லை, விடை மாறினால் அந்த வேகம் உங்கள் சிப்புக்கு ஆகாது. ஒரே ஒரு எழுத்து மாறினாலும் ஒரு படி கீழே வாருங்கள், "ஒரு தடவைதானே" என்று விடாதீர்கள். கூடவே வீடியோ எடுத்துப் பாருங்கள், ஒரு போன் காலும் பேசிப் பாருங்கள். மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் செய்தால் இன்னும் நல்லது, டிசம்பர் இரவில் தேறிய வேகம் ஏப்ரலில் தேறும் என்று சொல்ல முடியாது.

வேகம் நிலைத்துவிட்டதா, இப்போது புரொஃபைல். செட்சிபியு ஆப்பில் இருந்த முறையை வைத்துச் சொல்கிறேன், இதை வழங்கும் மற்ற ஆப்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: ஒரு நிபந்தனை, அதற்கான மேல் எல்லை, கீழ் எல்லை, ஒரு முன்னுரிமை எண். இரண்டு நிபந்தனை ஒரே நேரத்தில் பொருந்தினால் பெரிய எண் ஜெயிக்கும்.

வெப்பத்துக்குத்தான் முன்னுரிமை 100. பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் மேல் எல்லை 1026. சிப்பின் வெப்பமா பேட்டரியின் வெப்பமா என்று ஆப் கேட்டால் இந்த 45 பேட்டரிக்கானது என்பதை மறக்காதீர்கள், சிப் வேலை செய்யும்போது 60, 70 எல்லாம் சாதாரணமாகத் தொடும், அதற்கு 45 போட்டால் போன் எப்போதும் முடங்கியே கிடக்கும். எல்லையை 1458 என்று கொஞ்சம் மட்டும் இறக்குவதில் பயனில்லை, சூடு குறையாது. 1026-க்கு இறக்கினால் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும், அங்கேதான் லாபம்.

அடுத்து சார்ஜ், முன்னுரிமை 90, மேல் எல்லை பழைய 1512. சார்ஜில் இருக்கும்போதுதானே மின்சாரம் தாராளம், அப்போது ஏற்றினால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள், நேர் தலைகீழ். சார்ஜ் ஏறும் பேட்டரி தானாகவே சூடாகும், அதன் மேல் கேம் சூட்டையும் ஏற்றினால் பேட்டரி உப்பிக்கொண்டு முதுகுக் கண்ணாடியைத் தள்ளும் நாள் சீக்கிரம் வரும். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனால் 1026, முன்னுரிமை 80, இதில் விளக்க ஒன்றுமில்லை.

திரை அணைந்திருக்கும்போது 384 முதல் 702 வரை, முன்னுரிமை 50. இன்னும் கீழே பிடித்து வைத்தால் சேமிப்பு பெரிதாக இல்லை, ஏனென்றால் திரை அணைந்த போன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் பாட்டு திக்கும், அழைப்பு வந்தால் மணி அடிக்க ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத் திரை எழும். அழைப்பில் இருக்கும்போது என்று தனி நிபந்தனை இருந்தால் அதற்கு 1026 வரை விட்டு, திரை நிபந்தனையை விடப் பெரிய எண் கொடுங்கள், காதில் வைத்ததும் திரை அணைந்து பேச்சு உடையாமல் இருக்கும்.

இதெல்லாம் இருக்கிறதே என்று கர்னலின் சொந்த வெப்பக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடாதீர்கள். சில கர்னல்களில் அதை அணைக்கும் வசதி உண்டு, அணைத்தால் பெஞ்ச்மார்க் எண் அழகாக வரும். ஆனால் ஆப் சில நொடிக்கு ஒரு முறைதான் பார்க்கிறது, ஆண்ட்ராய்டு நினைவகம் போதாமல் ஆப்பையே மூடிவிட்டால் அதுவும் இல்லை.

சில நாள் இப்படியே ஓட்டுங்கள், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் கையால் போட்டுக்கொண்டு. எரிச்சலாகத்தான் இருக்கும். தானாக ரீஸ்டார்ட் ஆகாமல், எம்டி5 மாறாமல் இருந்தால் அப்போது செட் ஆன் பூட் டிக்கைப் போடலாம், தாமத நேரம் கேட்டால் ஒரு நிமிடம் கொடுங்கள், அந்த ஒரு நிமிடத்துக்குள் ஆப்பைத் திறந்து டிக்கை எடுக்க உங்களுக்கு வாய்ப்பு கிடைக்கும்.

அதற்கும் நேரம் கிடைக்காமல் விழுந்து எழுந்துகொண்டே இருந்தால், கிளம்பும் அனிமேஷன் ஓடும்போது வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், சேஃப் மோடில் எழும், அங்கே நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது, ஆப்பையே நீக்கிவிடலாம். அதுவும் வரவில்லை என்றால் போனை அணைத்து, வால்யூம் குறைப்பையும் பவரையும் சேர்த்துப் பிடித்து பூட்லோடருக்குப் போய், அங்கிருந்து ரெக்கவரி, பேக்கப்பிலிருந்து பூட் பகுதியை மட்டும் திருப்பிப் போடுங்கள். பழைய கர்னலுக்கு 1566 என்ற எண்ணே தெரியாது, அதனால் ஆப் என்ன கேட்டாலும் 1512-க்கு மேல் போகாது. டேட்டாவைத் தொட வேண்டியதில்லை.