நிலநடுக்கத்துக்கு சீசன் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு நண்பர் ஒரு படம் அனுப்பினார். நிலநடுக்கங்களை மாதவாரியாக எண்ணிக் கட்டம் போட்டு, மார்ச்சுக்கு மட்டும் சிவப்பு அடித்து, 'இந்த மாதம் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூச்சமாகவும் இருந்தது, ஏனென்றால் அதே படத்தை அதே மார்ச்சோடு ஒருகாலத்தில் நானும் போட்டிருக்கிறேன். எறும்பு மேலே ஏறியது, நாய் ஊளையிட்டது வகையறாவை விட்டுவிடுகிறேன்.

பின்னதிர்வுகளைத் தனித்தனியாக எண்ணுவது

பெரிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து அதே பகுதியில் வரும் அதிர்வுகள்தான் பின்னதிர்வுகள். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பட்டியலில் 2006 முதல் 2015 வரை 5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களை இறக்கி எண்ணினேன். மார்ச் பனைமரம் மாதிரி நின்றது. கடல் நீரோட்டம், பனி உருகுதல் என்று காரணம்கூடக் கண்டுபிடித்துவிட்டேன்! அப்புறம் ஒருநாள் வரிகளைத் திறந்து பார்த்தால், 2011 மார்ச் 11-க்குப் பிறகு ஹொன்ஷு (ஜப்பானின் பெரிய தீவு), ஹொன்ஷு, மறுபடி ஹொன்ஷு, சில நிமிட இடைவெளியில். ஜப்பானில் 9 அளவில் நிலம் அதிர்ந்து, அடுத்த முக்கால் மணி நேரத்துக்குள் 7-ஐத் தாண்டியவையே மூன்று, மொத்தம் நூற்றுக்கணக்கில். நான் எண்ணியது பருவத்தை இல்லை, ஒரே ஒரு நிலநடுக்கத்தின் வாலை.

வால் எப்படித் தேயும் என்று ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஓமோரி 1894-லேயே சொல்லிவிட்டார்: முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் சுமார் பத்து. பெரிய நிலநடுக்கத்துக்கு இது ஆண்டுக்கணக்கில் நீளும். அதனால் ஒவ்வொரு பெரிய அதிர்வுக்கும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நாள் என்று எல்லை வைத்து, அதற்குள் வருவதைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும். கார்ட்னர், நோபாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் தெற்குக் கலிபோர்னியாவுக்கு அதைத்தான் செய்தார்கள். பின்னதிர்வுகளை நீக்கினால் மிச்சம் தற்செயலாக வருபவைதானா என்பது 1974-இல் வந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பு. சுருக்கம் ஒரே சொல், 'ஆம்'. நானும் கழித்துப் பார்த்தேன். மார்ச் மற்ற மாதங்களின் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாத வேலை போச்சு.

யாருடைய கோடை?

2010 பிப்ரவரி 27 அன்று 8.8 அளவில் சிலி அதிர்ந்தபோது அங்கே கோடை. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் கடுங்குளிர். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் அது காலண்டர், பருவம் இல்லை.

நேரம்

பட்டியலில் இருப்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்; உள்ளூர் நேரம் இல்லை. மாதக் கடைசியைக் கவனியுங்கள், உள்ளூரில் அது வேறு மாதமாக இருக்கலாம்.

தேதிப் பித்து

மெக்சிகோவில் செப்டம்பர் 19: 1985, 2017, 2022. பின்னிரண்டும் அன்றைய நிலநடுக்க ஒத்திகை முடிந்த சில மணி நேரத்துக்குள்ளேயே வந்தன. திகைப்பாகத்தான் இருக்கும். சரி, எதுவும் வராத செப்டம்பர் 19-களையும் எண்ணினீர்களா?

சின்ன அதிர்வுகளை நம்புவது

குளிர்காலப் புயல்களில் கடல் அலை தரையையே நடுங்க வைக்கும். அந்த இரைச்சலில் சின்ன அதிர்வுகள் கருவிக்குத் தப்பிவிடும். எண்ணிக்கை குறைவது காதில் விழாததாலும் இருக்கலாம்.

அப்படியானால் பருவமே கிடையாதா?

கொஞ்சம் உண்டு. நேபாள இமயமலையில் மழைக்காலத்தைவிடக் குளிர்காலத்தில் சின்ன அதிர்வுகள் அதிகம். கங்கைச் சமவெளியில் தேங்கும் மழைநீரின் பாரம் பூமியை அழுத்துவதும் விடுவதும் காரணம் என்கிறார்கள். ஆனால் 7.8 அளவில் வந்தது 2015 ஏப்ரல் 25 அன்று; அது குளிரும் இல்லை, மழையும் இல்லை.